பொறுக்கி எடுத்ததுபோக

என் மைத்துனி சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தரகர் மூன்று வீடுகளைக் காட்டினாராம். முதல் வீட்டில் தண்ணீர் தாராளம். இரண்டாவது வீடு குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம். மூன்றாவது வீட்டுக்கு இந்த இரண்டு பெருமைகளும் கிடையாது. ஆனால் தெருமுனையில் பழமுதிர் நிலையம் இருந்தது. அவள் மூன்றாவது வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"தண்ணீருக்கு என்னம்மா செய்வாய்?" என்று கேட்டேன்.

"தண்ணி லாரியில வரும் மாமா. பழம் வருமா?" என்றாள்.

பழமும் லாரியில்தான் வருகிறது என்ற பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைத்ததில் நான் கற்ற பாடம் ஒன்றே ஒன்று. நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கி, பேனாவின் நுனிக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்பியதுதான் இந்தக் கட்டுரை.

மைத்துனியை மட்டும் சொல்லி என்ன? தர்மபுரியில் என் வீட்டிலேயே அந்தப் பக்தி குடிகொண்டிருக்கிறது. என் மனைவி வெளியூருக்குக் கல்யாணத்துக்குப் போனால், மண்டபத்துக்குப் பக்கத்தில் அந்தப் பலகை தென்படுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். திரும்பி வரும்போது தாம்பூலப் பையோடு ஒரு பழப் பையும் சேர்ந்திருக்கும். தர்மபுரியில் கிடைக்காத பழம் ஒன்றும் அதில் இருக்காது. கோயிலுக்குப் போனவர்கள் விபூதிப் பொட்டலத்தோடு வருவதில்லையா? அது மாதிரிதான்.

ஒரு கடைக்கு இத்தனை பக்தி தகுமா? இந்தக் கேள்வி வெகு நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

கோவையில் 1965-ஆம் ஆண்டில் சகோதரர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த சிறிய பழக்கடைதான் இன்றைக்குக் கோவை பழமுதிர் நிலையம் என்று பல ஊர்களில் கிளை பரப்பி நிற்கிறது. சேலம் ஜில்லாவிலிருந்து பிரித்து எங்கள் தர்மபுரி மாவட்டத்தை உண்டாக்கியதும் அதே 1965-இல்தான். அக்டோபர் 2-ஆம் தேதி. ஆகவே மாவட்டமும் கடையும் ஒரே வயசு. கடை கிளை கிளையாக வளர்ந்தது. மாவட்டமோ 2004-இல் கிருஷ்ணகிரியைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டுப் பாதியாக நிற்கிறது. வியாபாரம் வேறு, நிர்வாகம் வேறு!

பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் உள்ள பழமுதிர்சோலையை நினைவூட்டும் பெயர் அது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த மாட்டுக்காரப் பையன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று ஔவைப் பாட்டியை மடக்கிய கதை நம்மில் யாருக்குத் தெரியாது? அந்தக் கதையை நினைத்தால் கடையே பாதி கோயிலாகிவிடுகிறது. பெயர் அத்தனை நன்றாக இருந்ததால், தமிழ்நாடு முழுவதும் அதே பெயரில், முன்னால் ஏதாவது ஓர் ஊரையோ சாமியையோ சேர்த்துக்கொண்டு, எத்தனையோ கடைகள் முளைத்துவிட்டன. எல்லாம் ஒரு முதலாளியுடையவை அல்ல. ஆனாலும் ஜனங்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. உப்புமாவுக்கு யார் பேடண்ட் வாங்கி வைத்திருக்கிறார்கள்? பழமுதிர் நிலையமும் அப்படி ஒரு பொதுப் பெயராகிவிட்டது. எங்கள் வீட்டார் போகும் கடையின் பலகையில் முன்னால் இருப்பது எந்தப் பெயர் என்பதை நான் சொல்லப் போவதில்லை. இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

விலை மலிவா என்றால், எப்போதும் மலிவு என்று சொல்வதற்கில்லை. சில சாமான் சந்தையைவிடக் குறைவு, சில சாமான் ஜாஸ்தி. என் மனைவி அதைக் கணக்குப் பார்த்ததே கிடையாது. புதுசா என்றால், தர்மபுரிக்காரனுக்குப் புதுசைப் பற்றிக் கடை வந்து சொல்ல வேண்டியதில்லை. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி, காரிமங்கலத்துப் பக்கம் மா, எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் புளியமரம். தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து தக்காளி வாங்குகிறோம் என்றால், அது தக்காளிக்காக மட்டும் இருக்க முடியாது.

இதற்கு விடை எனக்கு என் தாயாரிடமிருந்து கிடைத்தது.

எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும். கடைத்தெருவில் ஒரு பழக்கடை. பழக்கடைக்காரர்களின் அந்தக்கால சாஸ்திரம் உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் கோபுரம் மாதிரி அடுக்கிய பழம் பார்ப்பதற்கு. பின்னால் சாக்கு மறைவில் இருப்பது கொடுப்பதற்கு. அம்மா ஒரு மல்கோவாவைக் கையில் எடுத்தாள். காம்புப் பக்கத்தை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். கடைக்காரன் எட்டி அதைப் பிடுங்கி, துணியால் துடைத்து, திரும்பக் கோபுரத்தில் வைத்தான். "வாங்கற மொகமாத் தெரியல. மோந்து பாக்கறது எல்லாம் வேற எங்கயாவது வெச்சிக்க" என்றான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் அப்பா ஒரு சாதாரண குமாஸ்தா. அம்மாவின் சுருக்குப் பையில் அன்றைக்கு ஒரு பழத்துக்கான பணம்தான் இருந்தது. அதனால்தான் அவ்வளவு யோசித்துப் பார்த்தாள். பத்துப் பழம் வாங்குகிறவன் முகர வேண்டியதில்லை. ஒன்று போனால் ஒன்பது இருக்கிறது. ஒரு பழம் வாங்குகிறவள்தான் முகர வேண்டும்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பிடியில் வலி தெரிந்தது.

வருஷங்கள் ஓடின. ஊரில் அந்தப் புதுக் கடை திறந்தபோது அம்மாவுக்கு எழுபது வயசு. என் மனைவி அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். மா சீசன். செந்தூரா ஒரு தட்டு, மல்கோவா ஒரு தட்டு, கிளிமூக்கு ஒரு தட்டு. அம்மா மல்கோவாத் தட்டின் முன்னால் நின்றாள். ஒன்றை எடுத்தாள், முகர்ந்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். கட்டைவிரலால் மெல்ல அமுக்கினாள், வைத்தாள். கடைப் பையன் ஒருவன் வந்தான். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அவன் பக்கத்துத் தட்டைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் ஒரே ஒரு பழத்தை எடுத்துக் கூடையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லலடா" என்றாள்.

பழம் இனித்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது. ஜனங்கள் அந்தக் கடையில் வாங்குவது பழத்தை மட்டும் அல்ல. கையில் ஒரு கூடை கொடுத்து, "நீயே பொறுக்கிக்கொள்" என்று சொல்லும் மரியாதையை வாங்குகிறார்கள். பேரம் பேசிக் குரல் உயர்த்த வேண்டியதில்லை. அரைக் கிலோ என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. இரண்டு பச்சை மிளகாயையும் எடை போட்டு ரசீது கொடுக்கிறான். பெரிய மனுஷனுக்கும் அதே தராசு, அதே ரசீது.

இந்த ஏற்பாடு நம் ஊரில் பிறந்ததல்ல. 1916-இல் அமெரிக்காவில், மெம்பிஸ் நகரத்தில், கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்று ஒரு விசித்திரமான பெயரில் மளிகைக் கடை திறந்தார். அதுவரை அங்கேயும் நம் செட்டியார் கடை மாதிரிதான். வாடிக்கைக்காரர் மரப்பலகைக்கு இந்தப் பக்கம் நின்று பட்டியலை நீட்ட, சிப்பந்தி அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துத் தர வேண்டும். சாண்டர்ஸ் அந்தப் பலகையை அகற்றிவிட்டு, வருகிறவர்கள் கையில் ஒரு கூடையைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். சிப்பந்திச் சம்பளம் மிச்சம் பிடிப்பது அவருக்கு முக்கியமான நோக்கம் என்பது வாஸ்தவம். ஆனால் வியாபாரியின் சிக்கனம் சில சமயம் வாடிக்கைக்காரரின் சுதந்திரமாக முடிந்துவிடுகிறது. அந்தக் கூடை உலகத்தைச் சுற்றி என் தாயார் கைக்கு வந்து சேர நூறு வருஷம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் என் மனைவிக்குப் பரம திருப்தி. ஆனால் எனக்கு மனசில் இன்னும் இரண்டு பேர் பாக்கி.

முதலாவது, எங்கள் தெருவுக்குக் கூடையில் காய் கொண்டுவந்த ஆயா. விடிந்து ஏழு மணிக்கு, "தக்காளி... கீரே..." என்ற குரல் தெருமுனையில் கேட்கும். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவளிடம்தான் தக்காளி. அவளிடம் ஒரே ஒரு வழக்கு உண்டு, பொறுக்க விடமாட்டாள். கூடையில் கை வைத்தால் பட்டென்று ஒரு தட்டு விழும். அவளே அள்ளிப் போடுவாள். நாலு நல்லது, ஒன்று சுமார். எந்தக் கிழமையானாலும் அதுதான் கணக்கு.

ஒரு நாள் என் மனைவி, "ஏன் ஆயா, காசு குடுக்கறது நாங்க. நல்லதாப் பாத்து எடுத்தா என்ன?" என்று கேட்டுவிட்டாள்.

ஆயா கோபித்துக்கொள்ளவில்லை. "காடு எல்லாத்தியும் கலந்துதான சாமி குடுக்குது? நீ நல்லத மட்டும் பொறுக்கிக்கிட்டா, மீதிய நான் யாரு தலயில கட்டறது? கடேசி ஊட்டுக்காரி என்ன பாவம் பண்ணா?" என்றாள்.

அந்தப் பேச்சை அப்போது நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். ஒரு கதையில்கூட உபயோகப்படுத்தியிருக்கிறேன். அது வேடிக்கை அல்ல, ஒரு முழு தர்மம் என்று விளங்க எனக்கு இன்னும் சில வருஷம் ஆயிற்று.

புதுக் கடை வந்தபிறகு ஆயாவிடம் வாங்குவது குறைந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வாரத்துக்கு ஒருநாள். 2020-இல் கொரோனா வந்து ஊரை அடைத்தார்களே, அந்த நாட்களில் அவளிடம் திரும்பினோம். கடைக்குப் போகவே பயந்துகொண்டு நாங்கள் உள்ளே இருந்தபோது, முந்தானையால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். விலை ஒரு ரூபாய் கூட்டவில்லை. "சில்லறை இல்லியா? அப்பறம் குடு சாமி, நானும் இருப்பேன், நீயும் இருப்ப" என்றாள். அந்த நாட்களில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் இருந்தது?

ஊரடங்கு தளர்ந்தது. பழக்கமும் திரும்பியது. அவள் தக்காளி என்று கூவும்போது, எங்கள் சமையலறையில் கடைப் பை தொங்கிக்கொண்டிருக்கும். "இன்னிக்கு வேண்டாம் ஆயா" என்று நான் சொல்வேன். ஒருநாள் நான் கடையிலிருந்து பையோடு வரும்போது எதிரில் வந்துவிட்டாள். கையில் இருந்த பையை என்னை அறியாமல் முதுகுப் பக்கம் கொண்டுபோனேன். அவள் பார்த்தாள். "வெயிலு ஜாஸ்தி, நெழல்ல போ சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் அவள் நின்றதில்லை. அடுத்த வாசலுக்குப் போய்த்தான் கூவுவாள். சில மாதம் கழித்து அந்தக் குரலும் தெருவில் கேட்கவில்லை.

இரண்டாவது ஆசாமி என் சித்தப்பா. பாலக்கோட்டுப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் காடு. முப்பது வருஷமாகத் தக்காளிதான் போடுகிறார். இது கிட்டத்தட்ட சூதாட்டம் என்பது அவருக்கும் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடியதும், சென்னையில் அரசாங்கமே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள், சித்தப்பாவும் நட்டார். எல்லோருக்கும் காய்த்தபோது விலை சரிந்துவிட்டது. பறிக்கிற கூலிக்குக் கட்டாமல் காட்டிலேயே விட்டவர்கள் உண்டு. சித்தப்பா அப்படி விட மனசில்லாமல் பறித்து மண்டிக்கு ஏற்றிக் கைநஷ்டப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக் காரியமாகத் தர்மபுரிக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். சாயங்காலம் கடைக்குப் புறப்பட்டேன். "நானும் வரன், நட" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே போனதும் அவர் தக்காளித் தட்டுக்கு எதிரிலேயே நின்றுவிட்டார். அம்மா மல்கோவாத் தட்டின் முன் நின்ற மாதிரி. ஆனால் அவர் பழத்தைப் பார்க்கவில்லை, பொறுக்குகிறவர்களைப் பார்த்தார். ஓர் அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துப் பத்துக்கு ஆறை ஒதுக்கினாள். அவள் போனபின் வந்த இளைஞன், அவள் ஒதுக்கியதைத் தானும் ஒதுக்கினான்.

சித்தப்பா ஒதுக்கப்பட்டதில் ஒன்றைக் கையில் எடுத்தார். தோளில் ஒரு வெடிப்பு, காய்ந்து தழும்பாக இருந்தது.

"இது ஏன் வெடிக்குதுன்னு தெரியுமா தம்பி? நாலு நாள் வெயில்ல காஞ்சு கெடந்து, அப்பறம் திடீர்னு ஒரு மழை அடிச்சா தோல் தாங்காது. உள்ள சதைக்கு ஒண்ணும் இல்ல. ரசத்துல போட்டா வெடிப்பு தெரியுமா?"

"தெரியாது சித்தப்பா."

"பின்ன ஏன் வெக்கறாங்க?"

நான் என்ன பதில் சொல்ல? எங்கள் வீட்டுக் கைகளும் அந்தத் தட்டில் அப்படித்தான் வேலை செய்கின்றன. அவர் கடைப் பையனைக் கூப்பிட்டு, "மீதிய என்னப்பா செய்வீங்க?" என்று விசாரித்தார். ராத்திரி விலையைக் குறைத்துப் போடுவதாகவும், அதற்கும் மிஞ்சினால் ஓட்டல்காரர்கள் எடுப்பதாகவும், அதற்கும் மேலானால் மாட்டுக்குப் போவதாகவும் அவன் மரியாதையாகவே சொன்னான். சித்தப்பா தலையாட்டினார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னார். "முன்னல்லாம் மண்டியில நல்லது, ரெண்டாவதுன்னு ரெண்டு தரம். இப்ப நாலு தரம் பிரிக்கறான். எவன் கேக்கறான் இத்தனை தரம்னு நானும் நெனச்சிக்கிட்டிருந்தன். இப்பத்தான் ஆளப் பாத்தன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு விவரம் தெரிந்துகொண்ட திருப்தியோடுதான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை. ஏனென்றால் அவர் பார்த்த ஆள் நான்.

ஆயாவின் தர்மம் அப்போது எனக்கு விளங்கியது. நல்லதும் சுமாருமாகக் காடு கொடுத்ததை, அவள் நல்லதும் சுமாருமாகவே தெருவுக்குப் பங்கிட்டாள். வெயிலும் மழையும் செய்த கோளாறை ஆளுக்கு ஒரு தக்காளி வீதம் நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். யாருக்கும் அது பாரமாக இல்லை. கடையோ அந்த ஒரு தக்காளியிலிருந்து எங்களை விடுதலை செய்தது. ஆனால் தக்காளி எங்கேயும் போய்விடவில்லை. நாங்கள் ஒதுக்கியதை மண்டி ஒதுக்கியது. மண்டி ஒதுக்கியது சித்தப்பாவின் காட்டில் வந்து விழுந்தது. கடைசி வீட்டுக்காரி என்ன பாவம் பண்ணினாள் என்று ஆயா கேட்டாளே, அந்தக் கடைசி வீடு பாலக்கோட்டில் இருக்கிறது, என் சித்தப்பாவினுடையது!

அப்படியானால் கடை மேல் வைத்த பக்தி தவறா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் தாயாருக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். பழைய பழக்கடைக்காரனின் அதட்டலும், சாக்கு மறைவும், கல்லைக் குறைத்த தராசும் ஏழை எளியவர்களை எவ்வளவு அவமானப்படுத்தின என்று அறிந்தவர்கள், சந்தை சொர்க்கம், கடை நரகம் என்று கவிதை பாட மாட்டார்கள். அந்த அவமானத்தை ஒழித்த கடைக்கு நன்றி பாராட்டத்தான் வேண்டும். அது கொடுத்த வாக்கு, "நீயே பார்த்து எடுத்துக்கொள்" என்பது. அந்த வாக்கைக் காப்பாற்றுகிற வரையில் அது பெற்றிருக்கும் நல்ல பெயருக்குத் தகுதியுள்ளதுதான்.

இதற்கு நடுவழி ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது, தர்மபுரியிலும் இருக்கிறது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி வாடகை இல்லாமல் உட்கார்ந்து தானே விற்கலாம். காலையில் விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள். அங்கேயும் நான் பொறுக்கியிருக்கிறேன். ஆனால் எதிரில் விளைவித்தவரே உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தக்காளியைத் தூக்கி எறிவதுபோல் ஒதுக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நல்ல கூச்சம். ஆனால் அது காலை வியாபாரம். ஆபீஸ் விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிற பெண் என்ன செய்வாள்? அவளுக்குத் திறந்திருப்பது கடைதான். அவளை நான் குறை சொல்லத் தயாராயில்லை.

ஆகவே கடையைப் பற்றிய என் கேள்வி போய், கூடையைப் பற்றிய கேள்வியாக அது மாறிவிட்டது. பொறுக்கும் உரிமை நமக்கு வந்துவிட்டது. அதை எப்படி உபயோகிக்கிறோம்?

எங்கள் ஊர் பழைய தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அவன் பெயரால் அதியமான்கோட்டை இன்றைக்கும் சேலம் ரோட்டில் இருக்கிறது. ஆயுளை நீட்டிக்கும் அரிய நெல்லிக்கனி ஒன்று அவன் கைக்குக் கிடைத்ததையும், அதைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்ததையும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவனுக்குப் பழத்தைப் பொறுக்க வழியில்லை; இருந்ததே ஒன்று. யார் உண்ண வேண்டும் என்பதைத்தான் அவன் பொறுக்கி எடுத்தான். பழமுதிர்சோலைக் கதையையே நினைத்துக்கொண்டிருக்கும் நாம், சொந்த ஊர்க் கதையைக் கொஞ்சம் மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

அன்றைக்கு டீ குடித்தபிறகு சித்தப்பா மறுபடி கடைக்குள் போனார். நான் வேண்டாமென்று சொல்வதற்குள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, வெடித்ததாகப் பார்த்து ஒரு கிலோ பொறுக்கினார். முப்பது வருஷம் தக்காளி விளைவித்த மனுஷர், ஆயுளில் முதல் தடவையாகத் தக்காளி பொறுக்கினார். காசையும் அவரே கொடுத்தார்.

வீட்டில் பையைக் கவிழ்த்த என் மனைவி திடுக்கிட்டுப்போனாள். "ஏங்க, இதையா பொறுக்கி எடுத்தீங்க?" என்று என்மேல் பாய்ந்தாள்.

"நான்தாம்மா எடுத்தன். அவனை ஏன் வைய்யற?" என்றார் சித்தப்பா.

அவளுக்கு நாக்கு எழவில்லை. ராத்திரி ரசம் வைத்தாள். நன்றாகவே இருந்தது. சித்தப்பா மறுபடி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

இப்போதும் என் மனைவி அந்தக் கடைக்குத்தான் போகிறாள். மைத்துனியும் அதே வீட்டில்தான் லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். போன வாரம் சமையலறை மேடையில் தக்காளித் தட்டு இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு வேண்டாத வழக்கங்கள் பல உண்டு. நான் அவற்றை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பத்து. அதில் இரண்டு தோளில் வெடித்தவை. நாலுக்கு ஒன்று, ஆயாவின் கணக்கு.

கண் தெரியாமல் எடுத்துவிட்டாளோ என்று கேட்க வாய் வந்தது. அதையும் வழக்கம்போல் பேனாவுக்கே அனுப்பிவிட்டேன்.